பானட்டைத் திறந்தால் ஒன்றும் புரியவில்லையே!

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, இன்றைய காரைக் கண்ணையும் காதையும் மட்டும் வைத்துப் பழுதுபார்க்க முடியாது என்றும், அதற்காக அதன்மேல் கோபப்படுவதில் பயனில்லை என்றும் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரியைக் கண்டித்தும் ஆமோதித்தும் மலைக்கு இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பாடம் நடத்தி ஓய்வுபெற்று, கம்பத்தில் வீட்டோடு இருக்கும் எனக்கு இது பிடித்தமான சண்டை. ஆகவே இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் குமுளியில் ஏலக்காய் வியாபாரம் செய்பவன், வயது 66. இருபத்திரண்டு ஆண்டுகள் அம்பாசடர் ஓட்டினேன். ஒரு ஸ்குரூ டிரைவரும் இரண்டு ஸ்பேனரும் ஒரு துண்டு உப்புத்தாளும் இருந்தால் நடுக்காட்டில் நின்றாலும் வீடு வந்து சேர்ந்துவிடுவேன். இப்போது மகன் வாங்கித் தந்த காரில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. வண்டி என்னவோ நன்றாகத்தான் ஓடுகிறது. சர்வீஸ் சென்டரில் கணினியைச் சொருகிப் பார்த்து, ஒரு சென்சாரை மாற்றிப் பெரிய தொகை வாங்கிக்கொண்டார்கள். பத்தாம் நாள் அதே விளக்கு மறுபடி எரிகிறது. தேவையில்லாத சிக்கலுக்குத்தான் தொழில்நுட்பம் என்று பெயரா? – வாசகர், குமுளி

பதில்: அம்பாசடரை நீங்களே சரிசெய்தீர்கள் என்பதை நம்புகிறேன். எத்தனை முறை சரிசெய்ய வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். சித்திரை வெயிலில் லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறும்போது, இன்ஜின் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி, பம்ப் வெறும் ஆவியை இழுத்துக்கொண்டு நிற்க, ஓரமாக வண்டியை நிறுத்திப் பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டுக் காத்திருந்த கார்களின் வரிசையை நான் பார்த்திருக்கிறேன். அந்த வரிசையில் நீங்களும் நின்றிருப்பீர்கள். மார்கழிக் காலையில் சோக்கை எவ்வளவு இழுப்பது, எப்போது உள்ளே தள்ளுவது என்பது உங்கள் கைக்குத் தெரிந்திருந்தது. சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை சிலிண்டர்களுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, பாயிண்டைத் தேய்த்து, இடைவெளியைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. கீழே கம்பத்தில் அளவாக டியூன் செய்த, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டர், மேலே குமுளிக்கு வந்ததும் காற்றின் அடர்த்தி குறைவதால் தேவைக்கு மேல் பெட்ரோலை விட்டுக் கரும்புகை கக்கும். அதையும் நீங்கள் திருகாணியைக் கால் சுற்று திருப்பிச் சமாளித்திருப்பீர்கள்.

ஆகவே அந்தக் கார் எளிமையானது என்று சொல்வதைவிட, அதன் சிக்கலில் பாதியை ஓட்டுநர் சுமந்தார் என்று சொல்வதே பொருத்தம். காற்றழுத்தத்தை அளக்கும் சென்சாரும், இன்ஜின் சூட்டை அளக்கும் சென்சாரும், அவற்றைக் கேட்டு முடிவெடுக்கும் கணினியும் அன்று உங்கள் கைக்குள்ளும் காதுக்குள்ளும் இருந்தன. இன்று அந்த வேலை உங்களிடமிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. உங்கள் மகனோ மருமகளோ ஒன்றும் தெரியாமலே சாவியைத் திருப்பி மலையேறி வந்துவிட முடிகிறது. சிக்கல் ஓட்டுநரை விட்டு இறங்கி, மெக்கானிக்கின் தலையில் ஏறியிருக்கிறது.

இந்த மாற்றம் தேவையில்லாமல் வந்ததல்ல. புகைக்குழாயில் வரும் நச்சு வாயுக்களை மாற்றும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பெட்ரோல் வண்டியில் ஒழுங்காக வேலை செய்ய வேண்டுமானால், ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று என்ற கணக்கு இடைவிடாமல் காக்கப்பட வேண்டும். மலையிலும் வெயிலிலும் நெரிசலிலும் அந்தக் கணக்கைக் கார்பரேட்டரால் காக்க முடியாது. புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை முகர்ந்து பார்த்து நொடிக்கு நொடி திருத்தும் ஏற்பாடு தேவை. 2017 ஏப்ரலில் நாடு முழுவதும் பிஎஸ்-4 (பாரத் ஸ்டேஜ்) என்ற புகை விதி வந்து, பிஎஸ்-5 என்ற படியைத் தாண்டி, 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 வந்தபோது, டீசல் கார்களுக்கு அனுமதிக்கப்பட்ட நைட்ரஜன் ஆக்சைடின் அளவு கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராமிலிருந்து 80 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. திருகாணியைத் திருப்பி இந்த அளவுக்கு இறங்க முடியாது.

இத்தனையும் சொன்ன பிறகு, உங்கள் புகாரில் பெரும்பகுதி நியாயமானது என்பதையும் சொல்கிறேன். உங்களை ஏமாற்றியது தொழில்நுட்பம் அன்று. அதைப் படிக்கத் தெரியாமல் படித்தவர்கள். கணினி காட்டும் எண் ஒரு துப்பு மட்டுமே. உதாரணமாக பி0171 என்ற எண் வந்தால், கலவையில் பெட்ரோல் குறைவாகவும் காற்று அதிகமாகவும் இருக்கிறது என்று பொருள். ஆக்சிஜன் சென்சார் கெட்டுவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. எங்கோ ஒரு ரப்பர்க் குழாய் வெடித்துக் காற்று திருட்டுத்தனமாக நுழைந்திருக்கலாம், பெட்ரோல் பம்ப் சோர்ந்திருக்கலாம், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம். உங்கள் ஊரைப் போல மழைக்காலத்தில் எலிகள் இன்ஜினுக்குள் குடிபுகும் இடத்தில், வயரையோ குழாயையோ எலி கடித்திருக்கவும் வாய்ப்பு அதிகம். ஓலை கொண்டுவந்தவனை மாற்றினால் ஓலையில் எழுதியிருக்கும் செய்தி மாறிவிடுமா?

அடுத்த முறை போகும்போது, சென்சார் மாற்றச் சொன்னால் உடனே சம்மதிக்காமல், வந்த எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த எண் பதிவான நேரத்தில் இன்ஜின் என்ன வேகத்தில், என்ன சூட்டில் இருந்தது என்ற விவரமும் கணினியில் கிடைக்கும், அதையும் கேளுங்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே பதினாறு துளைகள் கொண்ட ஒரு சொருகுவாய் உங்கள் காரிலும் இருக்கும். அதில் பொருத்திக் கைபேசியில் எண்ணைப் படிக்கும் சிறு கருவிகள், ஒருமுறை சர்வீஸுக்குக் கொடுக்கும் பணத்தைவிட மிகக் குறைவான விலைக்குக் கிடைக்கின்றன. உப்புத்தாள் வைத்திருந்த இடத்தில் இதை வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: அந்த மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் நிதானமாகப் பட்டறைக்கு ஓட்டிச் செல்லலாம், அது விட்டு விட்டு மின்னினால், ஏதோ ஒரு சிலிண்டர் எரியாமல் பெட்ரோல் அப்படியே புகைக்குழாய்க்குப் போகிறது என்று பொருள். அப்போது வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிடுவது நல்லது. இல்லையேல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடேறிப் பாழாகும்.

கேள்வி: சார், நான் கூடலூரிலிருந்து தினமும் அதிகாலை ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப் ஓட்டுகிறேன். பழைய பீஜோ இன்ஜின் ஜீப்பை விற்றுவிட்டுக் காமன் ரெயில் வண்டி வாங்கியிருக்கிறேன். பழைய வண்டியில் செய்த எந்த வேலையையும் இதில் செய்யக்கூடாது என்று ஆளுக்கொரு பயம் காட்டுகிறார்கள். உண்மையில் எதை விட வேண்டும், எதைத் தொடரலாம்? – வாசகர், கூடலூர், தேனி மாவட்டம்

பதில்: எத்தனை பேரை ஏற்றுகிறீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை, அதைக் கேட்க வேண்டியவர்கள் கம்பம்மெட்டுச் சாலையில் நிற்கிறார்கள். நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

2,112 சிசி கொண்ட அந்தப் பழைய இன்ஜினில் மின்சாரத்துக்கு வேலையே குறைவு. ஹீட்டர் பிளக், ஸ்டார்ட்டர், விளக்குகள் என்று அதோடு முடிந்தது. டீசல் தீர்ந்து ஏர் பிடித்துவிட்டால், பம்பில் கையால் அடித்து, நட்டைத் தளர்த்தி ஏர் எடுத்துவிட்டு ஓட்டிச் செல்லலாம். ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று சந்தேகம் வந்தால், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டீசலைப் பீய்ச்சும் நாசில்களின் குழாய்களை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்து, எதைத் தளர்த்தும்போது சத்தம் மாறவில்லையோ அதுதான் கெட்டது என்று கண்டுபிடிப்போம். நானே மாணவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

நீங்கள் முதலில் விட வேண்டிய பழக்கம் இதுதான். பழைய இன்ஜினில் நாசில் திறக்கும் அழுத்தம் நூறு, இருநூறு பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) என்ற கணக்கில் இருந்தது. காமன் ரெயில் என்பது எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவான ஒரே குழாயில் டீசலை உயர் அழுத்தத்தில் தேக்கி வைக்கும் அமைப்பு, அதில் அழுத்தம் ஆயிரத்தைத் தாண்டும். 1,600 பாரும் அதற்கு மேலும் போகும் அமைப்புகள் உண்டு. அந்த அழுத்தத்தில் ஊசி முனைபோல் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு சதைக்குள் போய்விடும். வெளியே பார்த்தால் முள் குத்தியது போலத்தான் தெரியும், உள்ளே விரலையே இழக்கும் அளவுக்குப் புண் வைக்கும். இன்ஜின் ஓடும்போது அந்தக் குழாய்களில் ஸ்பேனர் வைக்கவே கூடாது. நிறுத்திய பிறகும் அழுத்தம் இறங்க நேரம் கொடுக்க வேண்டும். எங்கேனும் கசிகிறதா என்று பார்க்க விரலால் தடவாதீர்கள், ஓர் அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள்.

இரண்டாவது, டைனமோ சார்ஜ் ஏற்றுகிறதா என்று பார்க்க, ஓடும் இன்ஜினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம். பழைய வண்டி அதைப் பொறுத்துக்கொண்டது. இப்போது ஆல்டர்னேட்டரிலிருந்து (நாம் பேச்சில் டைனமோ என்பது இதைத்தான்) கிளம்பும் மின்னழுத்தம் போக வழியில்லாமல் ஒரே கணத்தில் எகிறி, இன்ஜினின் கணினியையே எரித்துவிடக்கூடும். டெர்மினலைக் கழற்றாமல், ஒரு மல்டிமீட்டரை வைத்து, இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் ஏறக்குறைய பதினான்கு வோல்ட் வருகிறதா என்று பார்த்தால் போதும்.

மூன்றாவது பழக்கம் நம் மலைச்சாலைகளில் பிறந்து வளர்ந்தது. வண்டியை விற்ற பிறகும் அது கையை விட்டுப் போகாது. இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் போட்டோ, சிலர் இன்ஜினையே அணைத்தோ இறங்குகிறார்கள். இன்றைய வண்டியில் கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், கணினி எரிபொருளை முற்றிலும் நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்க மீண்டும் எரிபொருளை விட ஆரம்பிக்கும். ஆக மிச்சம் பிடிக்கிறேன் என்று நீங்கள் செய்வது செலவுதான். இன்ஜினை அணைத்து இறங்கினால், பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துபோகும், பவர் ஸ்டீயரிங் கனத்துப்போகும். எந்தக் கியரில் ஏறினீர்களோ அந்தக் கியரில் இறங்குங்கள் என்று உங்களுக்கு வண்டி பழக்கியவர் சொல்லியிருப்பார். அது மட்டும் இன்றைக்கும் அப்படியே பொருந்துகிறது.

தொடர வேண்டியவையும் உண்டு. டீசல் வடிகட்டியில் சேரும் தண்ணீரை வடிப்பது முன்பைவிட இப்போது முக்கியம், ஏனென்றால் காமன் ரெயில் இன்ஜெக்டர் தண்ணீரையும் தூசியையும் கொஞ்சமும் பொறுக்காது. கேன்களில் வாங்கி வைக்கும் டீசலை ஊற்றாதீர்கள். உங்கள் வண்டி பிஎஸ்-6 என்றால் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கும். அந்தக் கரி ஏறக்குறைய 600 டிகிரி சூட்டில் எரிந்தால்தான் அது சுத்தமாகும். தோட்டத்துக்குள் நின்று நின்று மெதுவாகவே ஓடினால் அடைத்துக்கொள்ளும். அதற்கான விளக்கு எரிந்தால் வண்டியை நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடாமல், தேனிச் சாலையில் இருபது நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டுங்கள்.

கேள்வி: போடியிலிருந்து சூரியநெல்லிப் பக்கம் பள்ளிக்கு வேலைக்குச் செல்பவள் நான். என் புதிய காரில் ஏசி காற்றைக் கூட்டக் குறைக்கக்கூடத் தொடுதிரையில் இரண்டு படி உள்ளே போக வேண்டியிருக்கிறது. போடிமெட்டில் பனிமூட்டத்தில் முன்கண்ணாடி ஆவி படிந்தால், சாலையைப் பார்ப்பதா திரையைப் பார்ப்பதா? – வாசகி, போடிநாயக்கனூர்

பதில்: சகோதரி, இதில் உங்களோடு வாதாட எனக்கு ஒன்றுமில்லை. பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலையில், கண்ணைத் திருப்பாமல் விரலால் தடவிக் கண்டுபிடிக்க முடியாத எந்தப் பொத்தானும் பொத்தானாகாது. முதல் கடிதத்துக்கு நான் சொன்ன நியாயம் இதற்குப் பொருந்தாது. இங்கே சிக்கல் ஓட்டுநரிடமிருந்து எடுக்கப்படவில்லை, புதிதாக ஓட்டுநர்மேல் ஏற்றப்பட்டிருக்கிறது. பத்துத் தனித்தனிப் பொத்தான்களைவிட ஒரு திரை மலிவு என்பது தயாரிப்பாளருக்குத்தான் லாபம். ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்புக்கு நட்சத்திரம் வழங்கும் யூரோ என்காப் அமைப்பு, 2026 முதல் இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், அபாய விளக்கு, அவசர அழைப்பு ஆகியவற்றுக்குக் கையால் உணரக்கூடிய தனிக் கட்டுப்பாடு இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று விதித்திருக்கிறது. ஏசி அந்தப் பட்டியலில் இல்லை என்பது நம் மலைக்காரர்களுக்குக் குறைதான். இப்போதைக்கு, பெரும்பாலான கார்களில் முன்கண்ணாடியின் ஆவியை நீக்கத் தனிப் பொத்தான் ஒன்று திரைக்கு வெளியே இருக்கும். அது எங்கே என்று வீட்டு வாசலிலேயே கண்ணை மூடிக்கொண்டு பழகிவிட்டு மலை ஏறுங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற பிறகு வானம் பார்க்க ஆசைப்பட்டு, தானாக நட்சத்திரத்தைத் தேடிக் காட்டும் மோட்டார் தொலைநோக்கி ஒன்றை வாங்கினேன். மூன்று மாதமாக மாடியில் வைத்துக்கொண்டு போராடுகிறேன். சனி என்று அழுத்தினால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் காட்டுகிறது. பொழுதுபோக்கையும் ஏன் இப்படிக் கடினமாக்குகிறார்கள்? – வாசகர், வாணியம்பாடி

பதில்: உங்கள் ஊருக்கு மேலே ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. அங்கே 1986 முதல் இயங்கும் வைணு பாப்பு தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர் குறுக்களவு கொண்டது. அதை இயக்குபவர்களும் கண்ணை வைத்துப் பார்ப்பதில்லை, கணினித் திரையில்தான் பார்க்கிறார்கள். ஆனால் அது அவர்களுக்கு வேலை. உங்களுக்கு இது விளையாட்டு, ஆகவே அளவுகோல் வேறு.

முதலில் தண்ணீர்த் தொட்டிப் பிரச்சினையைத் தீர்ப்போம். இத்தகைய கருவிகள் தாம் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் வைத்துத்தான் வானத்தைக் கணக்கிடுகின்றன. பல கருவிகள் அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலிலும் நாளை அடுத்தும் கேட்கும். ஐந்தாம் மாதம் பத்தாம் தேதி என்பதைப் பத்தாம் மாதம் ஐந்தாம் தேதி என்று கொடுத்துவிட்டால், வேறொரு பருவத்து வானத்தில் அது சனியைத் தேடிக்கொண்டிருக்கும். நேர வலயம் ஐந்தரை மணி என்று இருக்க வேண்டும். கோடைக்காலத்தில் கடிகாரத்தை முன்னே தள்ளும் மேலைநாட்டு வழக்கம் நமக்கில்லை என்பதால் அந்தத் தேர்வை அணைத்து வைக்க வேண்டும். குழலின்மேல் இருக்கும் சின்னத் துணைத் தொலைநோக்கியும் பெரியதும் ஒரே இடத்தைப் பார்க்கின்றனவா என்று பகலில் தூரத்து மலையுச்சியையோ கோபுரத்தையோ வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சூரியன் பக்கம் மட்டும் திருப்பாதீர்கள். உங்கள் கருவி துருவ நட்சத்திரத்தை வைத்துச் சரிசெய்யும் வகையாக இருந்தால் இன்னொரு தொல்லை உண்டு. துருவ நட்சத்திரம் ஓர் ஊரில் எவ்வளவு உயரத்தில் தெரியும் என்பது அந்த ஊரின் அட்சரேகையைப் பொறுத்தது. வாணியம்பாடியில் அது தொடுவானத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டரை டிகிரிதான். மலையும் தென்னையும் புகையும் மறைக்கும் உயரம் அது. ஐரோப்பாவில் அமர்ந்து எழுதிய செய்முறைக் கையேட்டில் இந்தத் தொல்லை இருக்காது.

இவை அனைத்தையும் செய்தும் மனம் ஒட்டவில்லையென்றால், கருவியை மாற்றிவிடுங்கள் என்பேன். அமெரிக்காவில் ஜான் டாப்சன் என்பவர், ராமகிருஷ்ண மடத்தின் துறவியாக இருந்த காலத்திலேயே கிடைத்த பலகைகளையும் கழிவுக் கண்ணாடியையும் கொண்டு தொலைநோக்கி செய்து, பின்னர் அதைத் தெருவோரத்தில் வைத்துப் போவோர் வருவோருக்கெல்லாம் நிலவைக் காட்டினார். மோட்டாரும் மின்சாரமும் இல்லாமல் பலகைப் பெட்டியில் வைத்துக் கையால் திருப்பும் அந்த அமைப்பு இன்றும் அவர் பெயரால்தான் விற்கிறது. அதில் சனியை நீங்களே தேட வேண்டும். முதல் நாள் அரை மணி நேரம் ஆகும், பத்தாம் நாள் அரை நிமிடத்தில் கிடைக்கும். காரில் நீங்கள் போக வேண்டிய இடம்தான் முக்கியம், ஆகவே வழியில் உள்ள கஷ்டத்தை இயந்திரம் எடுத்துக்கொள்வது உதவி. வானம் பார்ப்பதில் அந்தத் தேடலே பாதிச் சுகம். அதையும் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டால், படத்தில் பார்த்த சனியை இன்னும் சின்னதாகப் பார்ப்பதுதான் மிச்சம். கண் மங்கியவர்களும், நகர வெளிச்சத்தில் இருப்பவர்களும் மோட்டார் கருவியால் பெறும் பயனை நான் மறுக்கவில்லை. உங்களுக்கு எது என்று நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

கேள்வி: நான் உரிமம் பெற்ற ஹாம் வானொலிக்காரன், அதாவது பொழுதுபோக்காகச் சொந்த வானொலிக் கருவியில் பிறரோடு தொடர்பு கொள்பவன். இப்போது எங்கள் வட்டத்தில் பலரும் கணினியை வானொலியோடு இணைத்து எஃப்டி8 என்ற முறையில்தான் உலகம் முழுவதும் தொடர்பு கொள்கிறார்கள். குரலும் இல்லை, மோர்ஸ் ஒலியும் இல்லை. இது ஹாம் வானொலிதானா? – வாசகர், பாறசாலை

பதில்: இதைக் கேட்டு எனக்குக் கோபம் வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள், வரவில்லை. 2017-இல் இந்த முறையை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜோ டெய்லர், இன்னொரு விண்மீனோடு இணைந்து சுற்றும் பல்சரை (சீரான வானொலித் துடிப்புகளை அனுப்பும் விண்மீன்) கண்டுபிடித்ததற்காக 1993-இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்தவர்; அவரே ஒரு ஹாம். காதால் பிரித்தறிய முடியாத அளவுக்கு இரைச்சலில் அமுங்கிய சமிக்ஞையை, பதினைந்து நொடிக்கு ஒருமுறை மாறி மாறி அனுப்பிப் பெறும் கட்டங்களில் வைத்துக் கணினி மீட்டெடுக்கிறது. இரண்டு பக்கக் கடிகாரங்களும் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய ஒரு நொடிக்குள் ஒத்திருக்க வேண்டும். அதைக் கண்டுபிடித்தவருக்கு அது பெரும் பொழுதுபோக்கு. பொத்தானை அழுத்திவிட்டுத் தொலைக்காட்சி பார்க்கப் போகிறவருக்கு அதில் என்ன கிடைக்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை. ஆனால் அவர் உங்கள் அலைவரிசையை மறிக்கவில்லையே. உங்களுக்குக் கை அரித்தால், ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் என்ற ஒலிபரப்பி-வாங்கியின் சுற்றுப்படத்தை எடுத்து, சாதாரணக் கடைகளில் கிடைக்கும் டிரான்சிஸ்டர்களைக் கொண்டு நீங்களே பற்றவைத்துப் பாருங்கள். உலகெங்கும் ஹாம்கள் அதைக் கட்டியிருக்கிறார்கள்.

கேள்வி: சார், கம்பத்தில் முப்பது ஆண்டாகச் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். புதிய வண்டி வந்தால் திருப்பி அனுப்பிவிடுகிறேன். பட்டறையை மூடிவிடலாமா? பத்தாம் வகுப்பு முடித்த மகனை இந்தத் தொழிலில் விடலாமா? – வாசகர், கம்பம்

பதில்: மூட வேண்டாம். புதிய வண்டிகள் கெட்டுப்போகும் விதத்தைக் கொஞ்சம் கவனித்தீர்களானால், அவற்றில் கணிசமானவை நீங்கள் முப்பது ஆண்டுகளாகப் பார்த்த அதே பழுதுகள்தான் என்பது தெரியும்: துருப்பிடித்த எர்த் வயர், தளர்ந்த சொருகு, உலர்ந்த ரப்பர், சோர்ந்த பேட்டரி. அவை கணினிக்கு வேறு வேறு எண்களாகத் தெரிகின்றன, அவ்வளவே. பேட்டரி ஓய்வில் ஏறக்குறைய 12.6 வோல்ட் இருக்கிறதா, ஸ்டார்ட்டர் சுற்றும்போது எவ்வளவு இறங்குகிறது, இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையே எர்த்தில் எவ்வளவு இழப்பு என்ற மூன்றை மட்டும் ஒழுங்காக அளந்து பழகினாலே, திருப்பி அனுப்பும் வண்டிகளில் பலவற்றை நீங்கள் வைத்துக்கொள்ளலாம்.

உண்மையான தடை வேறிடத்தில் இருக்கிறது. வயரிங் படமும் பழுது பார்க்கும் கையேடும் தயாரிப்பாளரின் சொந்த சர்வீஸ் சென்டர்களுக்குள்ளேயே பூட்டி வைக்கப்படுகின்றன. மாற்றிய ஒரு பாகத்தைக் கணினிக்கு அறிமுகம் செய்துவைக்கக்கூட அவர்களுடைய மென்பொருள் வேண்டியிருக்கிறது. இதைத் தொழில்நுட்பத்தின் சிக்கல் என்று நான் ஏற்றுக்கொள்ளமாட்டேன், இது வியாபாரத்தின் பூட்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலமே இந்தப் பூட்டைத் திறக்கச் சட்டம் வந்தது. நம் நாட்டில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழுவை அமைத்து, அவ்வாண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளத்தையும் தொடங்கியது. வேளாண் கருவிகள், கைபேசிகள், வீட்டு உபயோகப் பொருள்கள் ஆகியவற்றோடு வாகனங்களும் அதில் சேர்க்கப்பட்டுள்ளன. இது சட்டத்தின் வலுவைப் பெறும் வரை உங்களைப் போன்ற பட்டறைக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

மகனைத் தாராளமாக விடுங்கள், ஆனால் உங்களிடம் மட்டும் விடாதீர்கள். ஐடிஐ-யில் மோட்டார் மெக்கானிக் பிரிவு இரண்டாண்டுப் படிப்பு. அதை முடித்துவிட்டு வரட்டும். மின்சார வண்டிகளின் ஆரஞ்சு நிறக் கேபிள்களில் பல நூறு வோல்ட் ஓடுகிறது, அதற்கான பயிற்சி இல்லாமல் தந்தையும் மகனும் அதில் கை வைக்கக்கூடாது. பட்டறைக்கு வாங்க வேண்டியதை வரிசையாகக் கேட்டால், முதலில் நல்ல மல்டிமீட்டர். அடுத்து, பல நிறுவன வண்டிகளையும் படிக்கும் ஒரு ஸ்கேனர், அதையும் இரண்டு பட்டறைக்காரர்கள் பங்கு போட்டு வாங்கலாம். கார்பரேட்டர் ஜெட்டுகளைச் சுத்தம் செய்ய வைத்திருக்கும் பழைய ஊசிகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மலையில் இன்னும் அம்பாசடர்களும் பழைய ஜீப்புகளும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு டியூன் செய்யத் தெரிந்த கை இந்தப் பக்கம் மூன்று நான்குதான் மிச்சம் இருக்கிறது என்று என் பழைய மாணவர்களே சொல்கிறார்கள். அதற்கு நீங்கள் கேட்கும் கூலியைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்ளவும் செய்யலாம்.